‘ஐம்பதுக்குக் கீழே’ நாவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி மாதம். அடைமழை. நாடு முழுவதும் மின்சாரம் நிற்கிறது. யாரோ திட்டம் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வரும் ஒன்பது நாட்களை கிழக்கிலங்கையில் ஏறாவூர் முதல் திருக்கோவில் வரையான கரையோர ஊர்களிலும் வாவிக்கு அப்பால் படுவான்கரையிலும் வைத்துச் சொல்வதுதான் ‘ஐம்பதுக்குக் கீழே’ என்ற என் நாவல். வாசித்தவர்களும் வாசிக்கலாமா என்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முடிவை எங்கும் சொல்லவில்லை, பயப்படாமல் வாசிக்கலாம்.

கதை யாரைச் சுற்றி நடக்கிறது?

நான்கு பேர். மட்டக்களப்புப் பக்கத்தில் ஓர் உப மின் நிலையத்தில் வேலை செய்யும் பெண் மின் அத்தியட்சகர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு வேலைக்கு வரும் தாதி. காத்தான்குடியில் பாமசி வைத்திருக்கும் ஒருவர். படுவான்கரையில் ஒரு குளத்தின் வான்கதவைப் பார்த்துக்கொள்ளும் முதியவர். முதல் நாள் இந்த நால்வரில் எவருக்கும் மற்றவரைத் தெரியாது. ஒன்பதாம் நாளில் ஒருவருடைய முடிவு மற்ற மூவரின் உயிரைத் தொடும் நிலைக்கு வந்துவிடுகிறது.

தலைப்புக்கு என்ன அர்த்தம்?

நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்ற மீடிறனில் ஓடுகிறது. நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தில் சுழலும் இயந்திரமும் விக்டோரியா அணையில் சுழலும் இயந்திரமும் ஒரே தாளத்தில் கட்டப்பட்டவை. சைக்கிள் கரியரில் நெல் மூடையைக் கட்டிக்கொண்டு பாலத்தில் ஏறும்போது மிதி தளர்வதைப் போல, எங்காவது ஒரு பெரிய மின் நிலையம் திடீரென்று விலகினால் மிச்சம் இருப்பவை மீது பாரம் ஏறி, அந்த 50 இறங்கத் தொடங்கும். அப்போது கட்டமைப்பு தன்னைத் தானே காப்பாற்றப் பார்க்கும். சில ஊர்களின் இணைப்பைத் தானாகவே வெட்டிவிட்டுப் பாரத்தைக் குறைக்கும். அது போதாவிட்டால் மற்ற மின் நிலையங்கள் தங்கள் இயந்திரங்கள் பழுதாகாமல் இருப்பதற்காக ஒவ்வொன்றாக விலகிக்கொள்ளும். எல்லாம் சில நொடிகளுக்குள் முடிந்துவிடும்.

அத்தியட்சகரின் மேசைக்கு எதிரே உள்ள அளவுமானியில் 50 என்ற எண் 49 ஆகி, 48 ஆகி, அப்புறம் சுழியமாகும் காட்சியோடு நாவல் தொடங்குகிறது. தலைப்பு அங்கிருந்து வந்தது.

நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இருளுமா? மிகைப்படுத்தவில்லையா?

இல்லை. கடந்த பத்தாண்டுகளில் நாமே பல தடவை பார்த்திருக்கிறோம். 2016 மார்ச் 13, 2020 ஓகஸ்ட் 17, 2021 டிசம்பர் 3, 2023 டிசம்பர் 9, 2025 பெப்ரவரி 9. இந்த நாட்களில் எல்லாம் இலங்கை முழுவதும் மின்சாரம் போனது. 2020இல் கெரவலப்பிட்டி உப மின் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு, 2023இல் கொத்மலை-பியகம மின்வழியில் ஏற்பட்ட கோளாறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லப்பட்டது.

2025இல் நடந்ததைத்தான் நான் அதிகம் யோசித்தேன். பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்கம்பியில் பட்டது என்று செய்தி வந்ததும் ஊரெல்லாம் சிரித்தார்கள். குரங்கு பல நாடுகளிலும்தான் இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி, ஒரே ஒரு இடத்தில் நடந்த சிறு கோளாறு ஏன் நாடு முழுவதும் பரவியது என்பதுதான். அன்று ஞாயிறு, முற்பகல் வேளை. தொழிற்சாலைகள் மூடியிருந்ததால் மின்தேவை குறைவு. வெயில் நன்றாக எறித்ததால் கூரைச் சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகம். அதனால் சுழன்றுகொண்டிருந்த கனமான இயந்திரங்கள் குறைவாக இருந்தன. அந்தக் கனம்தான் மீடிறன் சட்டென்று விழாமல் தாங்கிப் பிடிப்பது. அது குறைந்திருந்த நேரத்தில் ஒரு தட்டு விழுந்தாலும் முழுவதும் சரியும். என் நாவலின் நாசகாரர்கள் தங்கள் நேரத்தைத் தேர்ந்தெடுப்பதும் இந்த மாதிரி ஓர் அறிவோடுதான்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். நாம் ஒரு தீவு. பக்கத்து நாட்டிலிருந்து மின்சாரம் இழுத்துக்கொள்ள நமக்குக் கம்பி இல்லை. விழுந்தால் நாமே எழும்ப வேண்டும். முதலில் மலைநாட்டு நீர்மின் நிலையங்களைக் கிளப்பி, அவற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மற்றவற்றுக்கு உயிர் கொடுக்க வேண்டும். நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் சேர்ந்து 900 மெகாவாட். நின்ற பிறகு அவற்றை முழு வலுவுக்குக் கொண்டுவர நாட்கள் பிடிக்கும். 2020இலும் 2025இலும் வெளிச்சம் வந்த பிறகும் சில நாட்கள் சுழற்சி முறையில் மின்வெட்டு இருந்தது அதனால்தான்.

விபத்து சரி. நாசவேலையும் உண்மையில் நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 2015 டிசம்பர் 23ஆம் திகதி உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்களின் கணினிகளுக்குள் புகுந்து ஏறத்தாழ 225,000 வாடிக்கையாளர்களின் மின்சாரத்தை நிறுத்தினார்கள். அந்தச் சம்பவத்தில் என்னை உலுக்கியது வேறொரு விஷயம். மின்சாரத்தை நிறுத்திய அதே நேரத்தில் நிறுவனத்தின் தொலைபேசி இலக்கங்களுக்குப் பொய் அழைப்புகளைக் குவித்து, உண்மையான வாடிக்கையாளர்கள் தகவல் சொல்ல முடியாமலும் செய்தார்கள். கம்பியோடு செய்தியையும் சேர்த்து வெட்டினார்கள். நாவலின் முழுத் திட்டமும் எனக்கு அந்த ஒரு விவரத்திலிருந்துதான் பிறந்தது. சில மணி நேரத்தில் அங்கே மின்சாரம் திரும்பி வந்தது. எப்படி? ஊழியர்கள் வாகனம் எடுத்துக்கொண்டு உப நிலையங்களுக்குப் போய்க் கையாலேயே ஆளிகளைப் போட்டார்கள். கைவேலை தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் 2022 டிசம்பர் 3ஆம் திகதி இரண்டு உப நிலையங்களைத் துப்பாக்கியால் சுட்டதில் ஏறத்தாழ 45,000 வாடிக்கையாளர்கள் குளிரில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தார்கள். அங்கே இரவு ஊரடங்குகூடப் போட்டார்கள்.

நம் நாட்டுக்கு இது புதிதல்ல. 1995 ஒக்டோபர் 20ஆம் திகதி கொலன்னாவை எண்ணெய்க் குதங்களை விடுதலைப் புலிகள் தாக்கி எரித்தார்கள். 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டு வயல்களுக்குப் போகும் தண்ணீர் நின்றது, அதைத் தொடர்ந்து முழு யுத்தமும் மூண்டது. ஒரு மதகின் பலகை எவ்வளவு பெரிய சம்பவமாகலாம் என்பதைக் கிழக்கில் இருப்பவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இதை வாசித்து யாராவது கற்றுக்கொண்டு செய்துவிட மாட்டார்களா?

எழுதுவதற்கு முன்னால் நானே என்னிடம் கேட்டுக்கொண்ட கேள்வி இது. நாவலில் எந்த இடத்தில், எந்தக் கருவியை, எந்த வரிசையில் தாக்குகிறார்கள் என்பது சொல்லப்படவில்லை. வரும் உப மின் நிலையங்கள் கற்பனை. தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் கவனித்துப் பார்த்தால் சில இடங்களில் நடைமுறைக்கு ஒத்துவராத படிகள் இருப்பதைக் காண்பார்கள். அவற்றை வேண்டுமென்றே அப்படி வைத்தேன். தாக்குதல் மொத்தமே இரண்டு அத்தியாயம். மிச்சம் இருபத்தொன்பது அத்தியாயங்களும் அதன் பிறகு மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பது பற்றியவை.

கொழும்பை விட்டுவிட்டு ஏன் மட்டக்களப்பும் அம்பாறையும்?

பேரழிவுக் கதை என்றால் உயரமான கட்டடங்கள் இருக்கும் நகரம்தான் என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. பேரழிவை உண்மையில் திரும்பத் திரும்ப வாழ்ந்தவர்கள் நாங்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்த சூறாவளியில் 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. அந்த இரவைக் கண்ட பெரியவர்கள் இன்றும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் போனார்கள். இலங்கையில் வேறு எந்த மாவட்டத்திலும் அவ்வளவு உயிர் போகவில்லை. அப்புறம் யுத்தம், வருடா வருடம் வெள்ளம், 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை போன மின்வெட்டு, பெற்றோல் வரிசையில் நின்றே உயிரை விட்டவர்கள்.

நிலத்தின் அமைப்பும் ஒரு காரணம். எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவில் வாவி. ஒரு பக்கம் கடலும் சந்தையும் ஆஸ்பத்திரியும். மறுபக்கம் வயலும் குளமும் மாடும். கல்லடிப் பாலமும் 2014இல் திறந்த மண்முனைப் பாலமும் இருந்தாலும், பாலம் இல்லாத துறைகளில் இன்றும் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் இயந்திரத் தெப்பத்தில்தான் ஆட்களும் மோட்டார் சைக்கிளும் கடக்க வேண்டும். டீசல் இல்லாவிட்டால் பாதை ஓடாது. அரிசி ஒரு கரையில், மருந்து மறு கரையில் என்று பிரிந்துவிட்டால் என்ன ஆகும்? திகில் கதை எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமா?

கதையில் இருட்டைவிடத் தண்ணீர்தான் பெரிய பயமாக இருக்கிறது. ஏன்?

ஏனென்றால் உண்மையும் அதுதான். விளக்கு இல்லாமல் எங்கள் பெரியவர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். தண்ணீர் இல்லாமல் எவராலும் முடியாது.

மட்டக்களப்பு நகரக் குழாய்நீர் உன்னிச்சைக் குளத்திலிருந்து வருகிறது. சுத்திகரிக்க மின்சாரம் வேண்டும், தாங்கிக்கு ஏற்ற மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் தாங்கியில் இருப்பது தீரும்வரைதான் குழாயில் வரும். அதற்குப் பிறகு எல்லோரும் கிணற்றுக்குத் திரும்புவார்கள். குழாய்நீர் வந்த பிறகு எத்தனை வளவுகளில் கிணற்றை இறைத்துத் துப்புரவாக வைத்திருக்கிறார்கள்? பல வீடுகளில் மலசலகூடக் குழி கிணற்றுக்குக் கிட்டத்தான். எங்கள் கரையோர மண் மணல், ஊத்தை சுலபமாகக் கசியும். மாரி மழையில் குழி நிரம்பி ஊறினால் நான்காம் நாள் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வரும். நாவலில் முதல் உயிர் போவது அப்படித்தான். குண்டிலோ துவக்கிலோ போகவில்லை.

கிணறு வற்றுவதைவிட உப்பாவது இன்னும் கொடுமை. கரையோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உப்பு மேலேறும். சுனாமிக்குப் பிறகு கிணறுகளைச் சுத்தம் செய்கிறோம் என்று அவசரப்பட்டு மோட்டார் போட்டு இறைத்த இடங்களில் இதுதான் நடந்தது. மழை பெய்து பெய்துதான் அந்தக் கிணறுகள் மெல்ல மெல்ல மீண்டன. என் கதையில் ஓர் இளைஞன் ஜெனரேட்டர் கொண்டுவந்து ஊர்க்கிணற்றில் மோட்டார் பூட்டுகிறான். நல்ல மனசோடுதான் செய்கிறான். கைக்கயிற்றால் அள்ளினால் ஊருக்கே போதுமாக இருந்த கிணறு மூன்று நாளில் கெட்டுப்போகிறது. கெட்டவர்கள் செய்யும் சேதம் கதையில் குறைவு. அவசரப்பட்ட நல்லவர்கள் செய்யும் சேதம் அதிகம்.

கிணறு யாருடையது என்பதும் எங்கள் பக்கத்தில் தனிக் கதை. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு வளவு மகளுக்குத்தான் போகும். தாயின் வளவுக்குப் பக்கத்தில் பெண்மக்களின் வீடுகள் வரிசையாக இருக்கும். ஆகவே கிணற்றடி பெண்களின் இடம். யாருக்குத் தண்ணீர் கொடுப்பது, எத்தனை குடம், படலையைப் பூட்டுவதா திறப்பதா என்பதை ஆண்கள் சந்தியில் கூடிப் பேசினாலும் கடைசியில் முடிவெடுப்பது கிணற்றுக்காரிதான். ஐந்தாம் நாளில் வரும் கூட்டம் பள்ளிவாசலிலோ கோயில் மண்டபத்திலோ நடக்காமல் ஒரு கிணற்றடியில் நடப்பதற்கு இதுவே காரணம்.

வான்கதவு, முகத்துவாரம் பற்றிய பகுதி புரியவில்லை. கொஞ்சம் விளக்குவீர்களா?

மாரியில் குளம் நிரம்பினால் வான்கதவைத் திறந்து மிச்சத் தண்ணீரை விட வேண்டும். திறக்காவிட்டால் அணைக்கட்டுக்கு ஆபத்து. ஒரேயடியாகத் திறந்தால் கீழே உள்ள ஊர்களுக்கு ஆபத்து. வழக்கமாக முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் திறப்பார்கள். தொலைபேசி டவர்கள் பற்றரி தீர்ந்து செத்துக் கிடக்கும்போது யாருக்கு எப்படி அறிவிப்பது?

வந்த வெள்ளம் வாவியில் சேரும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் மண்திட்டு அடைத்திருந்தால் அதை வெட்டி விட வேண்டும். இதைத்தான் முகத்துவாரம் வெட்டுவது என்கிறோம். பிந்தி வெட்டினால் வயலும் வீடும் மூழ்கும். முந்தி வெட்டினால் வாவித் தண்ணீர் இறங்கி, கடல் உப்பு உள்ளே ஏறும், மீன்பிடிகாரரின் பிழைப்பும் கெடும். வழக்கமாக அதிகாரிகள், விவசாயிகள், மீனவர்கள் எல்லோரும் பேசித்தான் வெட்டுவார்கள். பேச வழியில்லாத இரவில் மண்வெட்டிகளோடு இரண்டு கூட்டம் இரண்டு பக்கமும் நிற்பதுதான் நாவலின் பதினேழாம் அத்தியாயம். எழுத மிகவும் கஷ்டப்பட்ட அத்தியாயமும் அதுதான், ஏனென்றால் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக் காட்சிகள் உண்மையா?

தாதி ஒருவர் ஆஸ்பத்திரியில் செய்யக்கூடியதைத்தான் எழுதியிருக்கிறேன். ஜெனரேட்டர் டீசல் தீரும் நேரத்தில் செயற்கைச் சுவாச இயந்திரத்திலிருந்து நோயாளியை எடுத்து, கையால் அமுக்கும் காற்றுப்பையில் சுவாசம் கொடுக்கலாம். அதை ஒருவரே மணிக்கணக்கில் செய்ய முடியாது. நோயாளியின் மகன், பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, சுத்திகரிப்புத் தொழிலாளி என்று மாறி மாறி அமுக்குகிறார்கள். சிறுநீரக நோயாளிக்கு ஒரு தடவை இரத்தம் சுத்திகரிக்க 120 லீற்றர் அளவுக்கு மிகச் சுத்தமான தண்ணீர் வேண்டும். அங்கே யாருக்கு, எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்ற கணக்கைப் போடுவதற்குத் தாதியின் கை நடுங்குகிறது.

இன்சுலின் பற்றிக் கேட்டவர்களுக்கு: திறக்காத குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். பாவனையில் இருக்கும் குப்பி கடும் சூடு படாமல் நிழலில் இருந்தால் பொதுவாக நான்கு வாரம் தாங்கும். பாமசிக்காரர் ஈர மணலில் மண்பானை புதைத்து அதற்குள் இன்சுலினை வைக்கும் முறையும் உண்மையானது. நீர் ஆவியாகும்போது பானை குளிரும். குளிர்சாதனப் பெட்டிக்கு ஈடாகாது, ஆனால் சூட்டைக் குறைக்கும். உங்கள் மருந்தைப் பற்றி உங்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்சாரம் நின்றால் மனிதர்கள் உடனே கொள்ளையடிக்கத் தொடங்கிவிடுவார்களா?

இதற்குத்தான் நாவலே எழுதினேன், ஆகவே நீளமாகச் சொல்கிறேன்.

நியூயோர்க் நகரம் 1965 நவம்பர் 9ஆம் திகதி இருண்டது. சனங்கள் அமைதியாக ஒருவருக்கொருவர் உதவினார்கள். அதே நகரம் 1977 ஜூலை 13ஆம் திகதி மறுபடியும் இருண்டபோது 1,600க்கு மேற்பட்ட கடைகள் உடைக்கப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். 2003இல் மூன்றாம் தடவை இருண்டது, பெரும்பாலும் அமைதி. ஊர் ஒன்றே, இருட்டும் ஒன்றே. 1977இல் அந்த நகரம் கடனில் மூழ்கி, வேலை இல்லாமல், வெக்கையில் புழுங்கிக்கொண்டிருந்தது. இருட்டு வருவதற்கு முன்பே அந்த நகரம் உடைந்துபோயிருந்தது.

பேரழிவுகளை ஆராய்ந்த சமூகவியலாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்வது ஒன்றுதான்: முதல் மணி நேரங்களில் மனிதர்கள் பெரும்பாலும் உதவத்தான் ஓடுகிறார்கள். சுனாமி அன்று இதைக் கிழக்குக் கரை முழுவதும் கண்டது. தமிழ் வீட்டில் முஸ்லிம் பிள்ளை, பள்ளிவாசலில் தமிழ்க் குடும்பம், யாரும் பெயர் கேட்கவில்லை. சண்டை எப்போது வந்தது? நிவாரணம் பங்கிடத் தொடங்கியபோது. 2005 ஜூனில் கைச்சாத்தான சுனாமி நிவாரணப் பொதுக் கட்டமைப்பில் தங்களுக்கு உரிய இடம் இல்லை என்று முஸ்லிம் தரப்பு சொன்னது, தென்னிலங்கையில் எதிர்ப்பு கிளம்பியது, உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது, கட்டமைப்பு செயற்படாமலே போனது. ஆகவே என் கதையில் முதல் மூன்று இரவும் ஊர் அழகாக இருக்கிறது. சந்தியில் ஒரே அடுப்பில் கஞ்சி காய்ச்சுகிறார்கள். ஐந்தாம் நாள் முதலாவது அரிசி லொறி வந்து நிற்கிறது. அந்த லொறியைக் கண்டதும்தான் எனக்குப் பயம் வந்தது.

இரண்டாவது ஆபத்து வதந்தி. 2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறை நகரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் உணவுக்குள் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று ஒரு கதை பரவியது. ஒரே இரவில் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. பிறகு அரச பகுப்பாய்வுத் திணைக்களம் சோதித்துப் பார்த்து, அது வெறும் மாக்கட்டி என்றது. அப்படி ஒரு மாத்திரையே உலகில் இல்லை. ஆனால் உண்மை வந்து சேர்வதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. சில நாட்களில் கண்டிப் பக்கம் திகனயிலும் தீ பற்றியது.

அன்று மின்சாரம் இருந்தது, தொலைபேசி இருந்தது, வானொலி இருந்தது. எதுவும் இல்லாத ஓர் இரவில், “கிணத்துல மருந்து போட்டுட்டாங்களாம்” என்று ஒருவன் சைக்கிளில் வந்து சொன்னால் என்ன நடக்கும்? மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஒரே தெருவில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி இருக்கின்றன. ஓர் ஊரின் கடைசி வேலி அடுத்த ஊரின் முதல் வேலி. 1990இல் இந்தத் தெருவிலும் இதன் சுற்றுப்புறத்திலும் இரண்டு பக்கமும் சிந்திய இரத்தம் யாருக்கும் மறக்கவில்லை. நாசகாரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கம்பியை அவர்கள் வெட்டுகிறார்கள். மிச்சத்தை நாமே செய்வோம் என்று காத்திருக்கிறார்கள்.

அதைத் தடுப்பது என்ன என்பதையும் எழுதியிருக்கிறேன். பள்ளிவாசலிலும் கோயிலிலும் ஒலிபெருக்கிக்கு ஒரு வாகனப் பற்றரி போதும். ஒரே செய்தியை, ஒரே நேரத்தில், ஒரே வசனத்தில் இரண்டு இடத்திலிருந்தும் வாசிக்க வேண்டும் என்று கிணற்றடியில் கூடிய பெண்கள் முடிவு செய்கிறார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. அந்த ஒரு வசனத்தை எழுத அவர்களுக்கு ஓர் இரவு பிடிக்கிறது.

நாசகாரர்கள் எந்த இனம்? எந்த இயக்கம்?

எந்த இனமும் இல்லை, எந்த இயக்கமும் இல்லை. நாடு இருண்டால் இலாபம் பார்க்கக்கூடிய சிலர், அவர்களிடம் கூலி வாங்கும் சிலர். குற்றவாளி எங்கள் ஆளா அவர்கள் ஆளா என்று தேடிக்கொண்டு வாசிக்கும் வாசகருக்கு அந்த விடை கிடைக்காது. அப்படித் தேடுவதுதான் கதைக்குள் ஊரைக் கொல்கிறது.

யுத்தத்தைப் பற்றி ஏன் நேரடியாக எழுதவில்லை?

பாத்திரங்களின் கைகளில் இருக்கிறது. மண்ணெண்ணெயும் பற்றரியும் கொண்டுபோகத் தடை இருந்த காலத்தைப் படுவான்கரை முதியவர் கடந்து வந்தவர். போத்தல் விளக்கு செய்வது, அரிசியை ஈரம் ஏறாமல் புதைத்து வைப்பது, எந்தச் சத்தத்துக்கு எழும்ப வேண்டும், எதற்கு எழும்பக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவருடைய பேரனுக்கு ஒன்றும் தெரியாது, தெரியாமல் வளர்ந்தது நல்லது என்றுதான் அவர் நினைத்திருந்தார். அந்த இருவருக்கும் இடையில் நடக்கும் பேச்சில் யுத்தம் இருக்கிறது. அதற்கு மேல் வேண்டாம் என்று விட்டேன்.

காதல் உண்டா?

உண்டு, கொஞ்சம். தாதிக்கு. அதுவும் நடு இரவில், டீசல் கணக்கு எழுதும் இடத்தில்.

உரையாடல் எல்லாம் மட்டக்களப்புப் பேச்சிலேயே இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியுமா?

புரியும். தாதி பாமசிக்காரரை “நானா” (அண்ணன்) என்கிறாள், அவர் “தங்கச்சி” என்கிறார். “மறுகா என்ன செய்யிற நானா, மருந்த அக்கரைக்கி எப்படி அனுப்புற?” என்று கேட்டால் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் விளங்கும். விவரிப்பு எழுத்துத் தமிழில்தான் இருக்கிறது. மீடிறன், வான்கதவு, பாதை போன்ற சொற்களுக்கு முதல் தடவை வரும் இடத்திலேயே விளக்கமும் வந்துவிடும்.

வாசித்த பிறகு வீட்டில் என்ன தயார் செய்து வைக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள்.

கதாசிரியனிடம் கேட்கிறீர்கள், ஆனால் கேட்டதில் எனக்குச் சந்தோஷம். கிணறு இருந்தால் வருடத்துக்கு ஒரு தடவையாவது துப்புரவாக்குங்கள், கயிறும் வாளியும் பழுதில்லாமல் இருக்கட்டும். குடிக்கும் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைக்க விறகோ மாற்று அடுப்போ வேண்டும். தொடர்ந்து குடிக்கும் மருந்து சில வாரத்துக்குக் கையில் இருக்க வேண்டும். பற்றரியில் வேலை செய்யும் சின்ன வானொலி ஒன்று, கைத்தொலைபேசி நின்றாலும் அது பேசும். கொஞ்சம் காசு தாளாக வீட்டில் இருக்கட்டும், மின்சாரம் இல்லாமல் வங்கி இயந்திரம் காசு தராது, பெற்றோல் செட்டில் பம்பும் ஓடாது. ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டுக்குள் ஓட்டவே கூடாது. அதன் புகையில் இருக்கும் நச்சு வாயு மணம் காட்டாமல் கொல்லும்.

இன்னொன்று: பக்கத்து ஊரில் ஒருவருடைய வீட்டுக்கு வழி தெரிந்திருக்க வேண்டும். தொலைபேசி இலக்கம் போதாது. நீங்கள் தமிழர் என்றால் முஸ்லிம் ஊரில், முஸ்லிம் என்றால் தமிழ் ஊரில். ஏதாவது கேள்விப்பட்டால் நேரே போய் “இப்பிடி ஒரு கதை வருது, உண்மையா?” என்று கேட்கக்கூடிய ஒரு படலை.

பாடசாலைப் பிள்ளைகள் வாசிக்கலாமா?

சாதாரண தரம் படிக்கும் பிள்ளைகளும் அதற்கு மேற்பட்டவர்களும் வாசிக்கலாம். மரணம் வருகிறது, ஒரு குழந்தையின் மரணமும் வருகிறது. இரத்தத்தை விவரித்து எழுதவில்லை. சுனாமியிலோ யுத்தத்திலோ நெருங்கியவர்களை இழந்த குடும்பங்களில் பதினேழாம் அத்தியாயத்தையும் இருபத்திரண்டாம் அத்தியாயத்தையும் பெரியவர்கள் முதலில் வாசித்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது. விஞ்ஞான ஆசிரியர்கள் மீடிறன் பகுதியைப் பாடத்தில் பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தார்கள். தாராளமாகப் பயன்படுத்துங்கள், அனுமதி கேட்க வேண்டியதில்லை.